புயல்மாறன் ஒருத்தன் இல்லை

சங்கர்,

நலம் விசாரிக்கிறதையெல்லாம் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. சென்னை பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு படிக்காதே. தை மாசம் தாலி கட்ட வேண்டிய பையன் நீ. கேட்டுக்கொள்: புயல்மாறன் ஒருத்தன் இல்லை. ரெண்டு பேர்! ஆமாம், நம் புயல்மாறன்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன்னை அழவைத்தவன், எத்தனையோ சனிக்கிழமை என் சோற்றைக் குழைய வைத்தவன், அந்தப் படக்கதை முகமூடிக்காரன். ரெண்டு தனித்தனி ஆள். என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, கோர்ட்டுக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுபடி செருப்பை மாட்டினேன். பிறகு யோசித்தேன். மீட்டரில் அந்தச் சிவப்பு எண்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு இதை அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை. இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. "கல்யாணத்தில் அப்பா எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். மாமா நிற்கட்டும். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போகட்டும்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். கோபமும் வந்தது. நீ எழுதியிருந்ததில் பாதி நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. என் தம்பி தங்கமானவன்தான், கூப்பிட்டால் வந்து நிற்பான். ஆனால் உன்னைப் பெற்ற மனுஷன் உயிரோடு, வேட்டி கட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவன் எந்த முகத்தோடு அந்த இடத்தில் நிற்பான்? கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. "சங்கர் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "சட்டை அளவு கேட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தேன். இன்று புயல்மாறன் வந்து வழியை மறித்துவிட்டான். அதனால் அவன் வழியாகவே வருகிறேன், நீ பொறுத்துக்கொள்.

அந்தச் சனிக்கிழமைகள் உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எனக்குச் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அப்பா அப்போது மலைமேலே தேயிலை எஸ்டேட்டில் கணக்கர். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி வருவார். மாசத்தின் முதல் வரவில் அவர் பையில் துவைக்க வேண்டிய துணி, ஒரு பொட்டலம் தேயிலைத்தூள், அதற்கடியில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புயல்மாறன் புத்தகம். அட்டை மட்டும்தான் கலர். நம் ஊர்ப் பக்கத்து ஓவியர் யாரோ வரைந்தது; நீல உடை, நெஞ்சில் சுழன்றடிக்கிற காற்று. உள்ளே பூராவும் சாணித்தாளில் கறுப்பு மை. மை அப்பியிருக்கிற பக்கத்தில் எது வில்லன் மீசை, எது அவன் பின்னால் இருக்கிற கதவு என்று கண்டுபிடிக்கவே தனித் திறமை வேண்டும். நீ புத்தகத்தைப் பிடுங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பாய். அடுத்து ஆரம்பித்துவிடுவாய்: "எம்மா, இது புதுசே இல்ல. இங்கன பாரு, ஓரம் மடங்கியிருக்கு. எவனோ படிச்சிட்டுக் குடுத்தத அப்பா தலையில கட்டிட்டான்." மாசா மாசம் இதே புகார். அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

நான் பகல் முழுக்கக் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தை டைப் அடிக்கிறவள். முதல் வாய்தாவில் ஒன்றைச் சொல்லி, அடுத்த வாய்தாவில் வேறொன்றைச் சொல்கிற ஆளைக் கண்டால் எனக்கு விரல் அப்படியே நின்றுவிடும். அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்து உனக்கும் ஒட்டவைத்தது நான்தான். நீ அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து சத்தம்போட்டு வாசிப்பாய், நான் காய் நறுக்கிக்கொண்டே குறுக்கு விசாரணை செய்வேன். "நில்லு, நில்லு. எந்தக் கையால குத்தினான்?" "இடது கைம்மா." "போன மாசம் வலது கையில்லா?" அவ்வளவுதான். பழைய புத்தகங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்குவாய். தரையில் பரத்திப்போட்டுப் பார்த்தால், ஆமாம், ஒரு மாசம் வலது கை, ஒரு மாசம் இடது கை. ஒரு மாசம் "எவன் உயிரையும் எடுக்க மாட்டேன், அது என் ஆணை" என்று வானத்தைப் பார்த்து முழங்குகிறான். அடுத்த மாசம் ஒரு பாவப்பட்ட வில்லனை அணைக்கட்டு மேலிருந்து தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறான். ஒரு கதையில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். இன்னொரு கதையில் வீட்டில் அத்தை சுடச்சுட ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருக்கிறாள். அந்த அத்தை எங்கிருந்து முளைத்தாள் என்று நீ என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்?

எல்லாவற்றுக்கும் மேலே அந்த டாக்ஸி. இப்போது நினைத்தாலும் சிரிப்பு அடக்க முடியவில்லை, அன்றைக்கு நீ இருந்த இருப்புக்கு யாராவது சிரித்திருந்தால் கொன்றிருப்பாய். கார்த்திகை மாசம், ஓயாத மழை. அப்பா நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். ஆனால் புத்தகத்தை மட்டும் பனியனுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார். முந்தின மாசம் மேகத்துக்கு மேலே பறந்துபோய் விமானத்தையே தாங்கிப்பிடித்தவன், அந்த மாசம் நாலாவது பக்கத்தில், அவசரமாக வங்கிக்குப் போக, தெருமுனையில் நின்று டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறான்! நீ புத்தகத்தைச் சுவரில் ஓங்கி அடித்தாய். "பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குல டாக்ஸி புடிக்கான்? இவனுங்களுக்குப் படிக்கவன் எல்லாம் கிறுக்கனா?" என்று கத்தினாய். அப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தார். துண்டு அப்படியே நின்றது. அவரை நோக்கி நீ கத்தவில்லை, எனக்குத் தெரியும். அவர் மெதுவாகக் குனிந்து புத்தகத்தை எடுத்து, விரித்து, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

நாம் சும்மாவா விட்டோம்? வாடகை நூலகம் வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே கல்லூரிப் பையன்களும் ஒரு தபால்காரரும் இதே ஆத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நீ சொன்னாய், அமாவாசை வந்தால் அவன் சக்தி குறைந்துபோகும் என்று. நான் சொன்னேன், விமானத்தைத் தாங்கினதில் தோள்பட்டை விலகியிருக்கும், அதனால்தான் கையை மாற்றுகிறான் என்று. அண்ணாச்சி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஒண்ணுமில்லவே. கார்த்திக மாசம்லா? மாலை போட்டிருப்பான். விரதத்துல பறக்கக் கூடாது." அந்தத் தீர்ப்பில் எல்லோரும் கொஞ்சம் சமாதானமாகிக் கலைந்தார்கள். விரதக்காரன் எப்படி வில்லன் மூக்கை உடைப்பான் என்று வரும் வழியெல்லாம் நீ கேட்டுக்கொண்டே வந்தாய். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து பத்திரிகைக்கு எழுதினோமே, நான் கோர்ட்டுப் பாணியில் 'மேற்படி கதாநாயகன் முன்னுக்குப்பின் முரணாக நடந்துகொள்வதால்' என்று அடித்துக் கொடுத்தேனே. வாசகர் பக்கத்தில் வந்தது. நம் புகார் முழுவதையும் வெட்டிவிட்டு, 'அட்டைப்படம் பிரமாதம், பாளையங்கோட்டை வாசகர்கள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். நீ ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

இனி இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். கோர்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணாச்சி, "எக்கா! எக்கா! இங்கன வாங்க, வந்து ஒரு அநியாயத்தப் பாருங்க!" என்று ஊர் கேட்கக் கூவினார். ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டு நின்றுவிட்டார். அண்ணாச்சியின் மைத்துனர் கப்பலில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருக்கிறார். வரும்போது ஏதோ துறைமுகத்தில் எடைக்கு விற்ற பழைய இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்களை ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறார். எல்லாம் முழுக்கலர். அண்ணாச்சி அதில் ரெண்டை எடுத்து மேஜையில் விரித்தார். ஒன்றில் நம் விமானக் காட்சி, ஒரு கோடு மாறாமல் அப்படியே. இன்னொன்றில் நம் டாக்ஸி! டாக்ஸி மஞ்சள் நிறம். அதுவே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஆனால் விமானத்தைத் தாங்குகிறவன் உடை சிவப்பு. டாக்ஸிக்குக் கை காட்டுகிறவன் உடை பச்சை. சிவப்புக்காரன் நெஞ்சில் சுழிக்காற்று, பச்சைக்காரன் நெஞ்சில் ஒரு பல்சக்கரம். இங்கிலீஷில் இவன் பேர் வேறு, அவன் பேர் வேறு. சிவப்புக்காரனுக்கு அத்தை, பச்சைக்காரனுக்கு அநாதை இல்லம். இவன் பறப்பான், அவன் பாவம், தாவ மட்டும்தான் செய்வான். தூரமாகப் போக வேண்டுமென்றால் டாக்ஸிதான் பிடித்தாக வேண்டும்! முதல் ஆளுக்குக் கதை பத்தாமல் போயிருக்கும், மாசம் தவறாமல் வேண்டுமென்று நம்மைப்போல ஆட்கள் பிடுங்கியிருப்பார்கள், புத்தகக்காரர்கள் ஜாடை ஒத்துப்போகிற இன்னொருத்தனைப் பிடித்து அதே பேரை வைத்து உள்ளே விட்டுவிட்டார்கள். கறுப்பு மையில் சிவப்பும் கறுப்புதான், பச்சையும் கறுப்புதான். நெஞ்சில் இருந்ததெல்லாம் நமக்கு வெறும் மைக்கறை.

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மாலை போட்டிருக்கான் மாலை போட்டிருக்கான்னு எத்தன பேருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் எக்கா! அந்தத் தபால்காரர் மூஞ்சில இனி எப்படி முழிப்பேன்?" எனக்கானால் ரோட்டிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. சங்கர், நீ சொன்னது சரி! நம் குறுக்கு விசாரணை அத்தனையும் சரி! சாட்சி பொய் சொல்லவில்லை, ரெண்டு சாட்சியைக் கூண்டில் மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள்! ரெண்டு புத்தகத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். புத்தகங்களை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

எழுத எழுத இன்னொன்று மனசில் வந்து குறுக்கே நிற்கிறது. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாய், "எம்மா, அப்பாவும் புயல்மாறன் மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் வேற ஆளா வாராரு." நான் சிரித்து மழுப்பினேன். நீ சொன்னது உண்மை. ஒரு வாரம் இறங்கி வருகிறவர் உன்னைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முங்கு நீச்சல் போட்டுக் காட்டி, வரும்போது அல்வா வாங்கிக் கொடுப்பார். அடுத்த முறை வருகிறவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நீ பேனா கேட்டால்கூடச் சீறுவார். அவர் இருந்த வேலை அப்படி. மேனேஜர் முன்னால் மேனேஜர் சொல்கிறதுதான் சரி என்று நிற்க வேண்டும். லயத்தில் குடியிருக்கிற கூலி ஜனங்கள் முன்னால் அவர்கள் பக்கம் பேச வேண்டும். ரெண்டு பக்கமும் 'ஆமாம்' போட்டுப் போட்டு, எதிரே பெரிய மனுஷர் யாராவது உட்கார்ந்தால் வாய் தானாக 'ஆமாம்' என்று சொல்லிவிடும். அந்த வாய்தான் உனக்கும் வசந்திக்கும் நிச்சயதார்த்தம் நடந்த அன்று நம்மைக் கெடுத்தது. நம் வீட்டில் வைத்து, "வசந்தி வேலையை விடக் கூடாது, பேங்க் வேலை லேசுல கிடைக்குமா" என்று முதலில் சொன்னவரே அவர்தான். கல்லிடைக்குறிச்சியில் பெண் வீட்டில் போய் உட்கார்ந்ததும், அவள் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போக மாட்டால்லா?" என்று கேட்டார். இவர், "ஆமா அண்ணாச்சி, அதெல்லாம் எதுக்கு" என்றார். உள்ளே வசந்தி முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். நீ வெளியே வந்ததும் அவரிடம் கேட்டாயே, "உங்களுக்கு எதுதான் சொந்த முகம்?" என்று. கேட்டுவிட்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் அன்றைக்கே ரயில் ஏறினாய். நானும் அவரை லேசில் விடவில்லை, அது உனக்குத் தெரியாது. ஒரு வாரம் எங்களுக்குள் உப்புக்கும் புளிக்கும் தவிர பேச்சு இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம். வந்துவிட்டார். புத்தகங்களை மறைக்கிறதா காட்டுகிறதா என்று தெரியவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

சங்கர், இது அடுத்த நாள் சாயங்காலம். நல்லவேளை நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. எழுத்து கோணலாகப் போனால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று அப்பா காய்கறிப் பையை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார். "இதென்ன?" என்றார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரெண்டையும் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நான் ரெண்டு பேர் சங்கதியைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. "அப்பம் டாக்ஸிக்காரன் பச்சையா?" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்: "அணைக்கட்டுல தள்ளிவிட்டதும் இவன்தான். அத்தைக்கு மருந்து வாங்கப் போனவன் சிவப்பு. நானும் சந்தேகப்பட்டேன், கேட்டியா? ரெண்டு பேருக்கும் நிக்கித நிலையே வேற. பச்சைக்காரன் கொஞ்சம் கூன் போட்டு நிப்பான். எனக்கு அவனத்தான் ரொம்பப் பிடிக்கும்."

"நீங்க எப்பம் படிச்சிய?" என்றேன். "அம்பாசமுத்திரத்துல வாங்கி இங்கன வந்து சேருத வரைக்கும் பஸ்ஸுல எனக்கு வேற என்ன சோலி?" என்றார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "சேரன்மகாதேவி தாண்டினா கண்ணு அசந்துரும். எடம் விட்டுரக் கூடாதுன்னு ஓரத்த மடக்கி வைப்பேன்" என்றார். சங்கர், நீ மாசா மாசம் திட்டினாயே, எவனோ படித்துவிட்டுக் கொடுத்தது என்று. அந்த எவனோ இவர்தான்! உனக்கு முன்னால் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்த ஆள் உன் அப்பா! "படிச்சிட்டு ஒரு வார்த்த பேசலையே, ஏன்?" என்று கேட்டேன். "பேசத்தான் படிச்சேன். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வாரவனுக்கு அவங்கூடப் பேச வேற என்ன இருக்கு? டாக்ஸி ஏன் புடிச்சான்னு அன்னைக்கு நானும் பஸ்ஸெல்லாம் யோசிச்சிட்டுத்தான் வந்தேன், அவங்கிட்ட கேக்கணும்னு. அவன் தூக்கி வீசிட்டான். சரி, புடிக்கல போலன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். நாம் ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து இல்லாத புயல்மாறனைக் குடைந்து குடைந்து விசாரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் துண்டோடு நின்ற மனுஷனை ஒரு கேள்வி கேட்கவில்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அவனுக்காவது ரெண்டு ஆளுன்னு சொல்லித் தப்பிச்சிக்கிடலாம். நான் ஒத்த ஆளுல்லா" என்றார். நான் உன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தேன். அதற்காக நீ என்னைக் கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். படித்தார். மடித்துக் கொடுத்தார். "சட்டை அளவு சரியாத்தான் கேட்டிருக்கான்" என்றார்.

இன்று காலையில் நான் எழுந்தபோது அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கிளம்பி நின்றார். எங்கே என்றால், "இந்தா வந்துருதேன்" என்கிறார். நான் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். மத்தியானம் எங்கள் செக்ஷன் போனுக்கு வசந்தி கூப்பிட்டாள். அவள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை மறக்காது. "அத்தை, மாமா எங்க வீட்டுக்கு வந்தாவ. பெரியப்பாவ வரச்சொல்லுங்கன்னாவ. எல்லாரும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம். அப்பளம் காயப்போட்டிருந்த ஆட்களெல்லாம் கைவேலையப் போட்டுட்டு வந்து நின்னுட்டாவ. மாமா உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே, 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. உங்க முகத்துக்காகச் சொன்னது. எம் மருமக வேலைக்குப் போவா. எம் மகனும் அதத்தான் சொல்லுதான், நானும் அதத்தான் சொல்லுதேன்'னாவ. பெரியப்பா, 'அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?'ன்னு கேட்டாவ. மாமாவுக்கு வேர்த்து ஊத்துது அத்தை. ஆனா, 'இன்னைக்குச் சொல்லுததுதான் நான்'னுட்டாவ." இதைச் சொல்லும்போது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ரெண்டும் செய்தேன். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியப்பா கடைசியில் என்ன சொன்னார் என்கிறாயா? "பேங்க்ல லோன் வேணும்னா மருமகப்பிள்ளைட்ட கேக்க வேண்டாம், நம்ம பிள்ளைட்டயே கேட்டுக்கிடலாம்" என்று சிரித்துவிட்டாராம். மீசைக்காரருக்கு உள்ளே அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை.

அப்பா சாயங்காலம் ஒரு கட்டு அப்பளத்தோடு வந்து சேர்ந்தார். எங்கே போனீர்கள் என்று தெரியாத மாதிரி கேட்டேன். "அப்பளம் தீந்துபோச்சுன்னு சொன்னேல்லா" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

சங்கர், உன்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெரிய மனுஷர் யாராவது எதிரே உட்கார்ந்தால் நாளைக்கும் அவர் வாய் 'ஆமாம்' என்று தடுமாறலாம். இத்தனை வருஷப் பழக்கம், ஒரு நாளில் போய்விடாது. அப்போது நீ முகத்துக்கு நேராகக் கேள். ரயில் ஏறிப் போகாதே. உனக்கும் எனக்கும் விசாரணை செய்து செய்து பழகிவிட்டது. வசந்தி வந்த பிறகு அவளை ஒரு நாள் ஒரு மாதிரியும் இன்னொரு நாள் வேறு மாதிரியும் பார்ப்பாய். அவளும் உன்னை அப்படித்தான் பார்ப்பாள். உடனே பரணிலிருந்து பழைய புத்தகத்தையெல்லாம் இறக்கிவிடாதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உன் கல்யாணத்தில் உன் பக்கத்தில் யார் நிற்பது என்று நான் இனி வாயே திறக்க மாட்டேன். என் தம்பியிடமும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ வந்து சொல்.

வெள்ளிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறாய் அல்லவா? ஜங்ஷனுக்கு நான் வர மாட்டேன், எனக்குக் கோர்ட் இருக்கிறது. அப்பா வருவார். ஏன் வந்தீர்கள் என்றால் வேறு யாரையோ ஏற்றிவிட வந்தேன் என்பார், நம்பாதே. புயல்மாறன் இப்போதெல்லாம் மாசம் தவறித்தான் வருகிறான். புதுசு ஒன்று வந்திருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னதும் இவர் போய் வாங்கி வைத்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டுவார். இந்தக் கதையில் வருவது சிவப்புக்காரனா பச்சைக்காரனா என்று நீதான் கேட்க வேண்டும், அவராக ஆரம்பிக்க மாட்டார். ஓரம் மடங்கியிருக்கும். நிமிர்த்திவிடாதே.

அம்மா